குனிந்த முதுகு நிமிர்ந்த வரலாறு

உழைப்பவரின் உடம்பைப் பார்த்தே அவர் செய்யும் தொழிலைச் சொல்லிவிடலாம் என்று நம் பெரியவர்கள் கூறுவதுண்டு. பல ஆண்டுகள் காண்டா சுமந்தவரின் தோளில் காய்ப்பு ஏறியிருக்கும். உளி பிடித்தவரின் உள்ளங்கை தடித்திருக்கும். தாழ்வெட்டு மரங்களில் நாள்தோறும் குனிந்து பால் வெட்டியவரின் இடுப்பு மாலையில் நிமிர மறுக்கும். செம்பனைக் குலை அறுப்பவரோ நாள் முழுதும் அண்ணாந்து பார்ப்பதால், இரவில் பாயில் தலை சாய்க்கும்போது கழுத்தைத் தடவிக்கொள்வார். இவை நாம் அறிந்த செய்திகள்.

ஆனால் வெள்ளை அங்கி அணிந்து, வெயிலும் மழையும் படாத அறைக்குள், ஒரு பேனாவைவிடச் சற்றே கனமான கருவியைப் பிடித்து வேலை செய்யும் பல் மருத்துவருக்கும் இதே இடுப்புவலியும் கழுத்துவலியும் உண்டு என்றால் நம்மில் பலர் நம்பமாட்டோம். உண்மை அதுதான். கழுத்து, தோள், முதுகு, இடுப்பு ஆகிய இடங்களில் வரும் வலி, உலகெங்கும் பல் மருத்துவர்களிடையே மிகுதியாகக் காணப்படும் தொல்லையாகும். அதிலும் வியப்பு என்னவென்றால், அவ்வலி தொழிலில் இறங்கிய பிறகு வருவதன்று. பல் மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவர்களிடமே அது தொடங்கிவிடுகின்றது.

அந்த வலி எங்கிருந்து வந்தது? அதைப் போக்க யார் யார் என்னென்ன செய்தார்கள்? இன்று பயிலும் மாணவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கப்படுகின்றது? இவற்றை இன்றைய பேச்சில் வரலாற்று முறையில் காண்போம். பல் மருத்துவரின் முதுகைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவ்வினாவுக்கு விடையும் இவ்வரலாற்றிலேயே இருக்கின்றது.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலாக ஒரு முழு நூலாக ஆராய்ந்து எழுதியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. அவர் 1633 முதல் 1714 வரை வாழ்ந்தவர். மோடெனா நகரில் அவருடைய வீட்டுக் கழிவுக் குழியைத் துப்புரவு செய்ய வந்த ஒரு தொழிலாளி, மிகுந்த அவசரத்துடன் வேலை செய்வதை அவர் கண்டார். காரணம் கேட்டபோது, அந்தக் குழிக்குள் நெடுநேரம் இருந்தால் கண் கெட்டுவிடும் என்று அத்தொழிலாளி சொன்னார். அந்த ஒரு பதில் ராமஸ்ஸினியின் சிந்தனையைத் தூண்டியது. அதன் பிறகு அவர் குயவர், நெசவாளர், தையற்காரர், எழுத்தர், சுமை தூக்குவோர் எனப் பலதரப்பட்ட உழைப்பாளிகளிடம் சென்று பேசி, அவர்களுடைய நோய்களைத் திரட்டி, 1700ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார்.

நச்சுப் புகையும் தூசியும் மட்டும் நோயைத் தருவதில்லை. நெடுநேரம் நின்றே இருப்பதும், நெடுநேரம் குனிந்து உட்கார்ந்தே இருப்பதும், இயல்புக்கு மாறாக உடம்பை முறுக்கி வைத்திருப்பதும் நோயைத் தரும் என்று அவர் அந்நூலில் எடுத்துக்காட்டினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன வேலை செய்கின்றாய் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். இன்று நமக்கு இது எளிய செய்தியாகத் தோன்றலாம். அக்காலத்தில் உழைப்பாளியின் உடல்நோவை ஒரு மருத்துவர் உட்கார்ந்து கேட்டதே பெரிய செய்தி.

இனிப் பல் மருத்துவத்திற்கு வருவோம். முற்காலத்தில் ஐரோப்பாவில் பல் பிடுங்குவது தனி மருத்துவமாக இருக்கவில்லை. முடி திருத்துவோரும் சந்தைகளில் சுற்றித் திரிந்த பல் பிடுங்குவோரும் அதைச் செய்தனர். நோயாளியைத் தரையில் உட்கார வைத்து, அவர் தலையைத் தம் முழங்கால்களுக்கிடையே இறுகப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து பல்லைப் பிடுங்குவது அன்றைய வழக்கம். வலியால் துடிக்கும் நோயாளி எழுந்து ஓடாமல் இருக்க அதுவே வசதி என்று நினைத்தார்கள்.

அந்த வழக்கத்தைக் கண்டித்தவர் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் பியர் ஃபோஷார். பல் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் இவர் 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நோயாளியைத் தரையில் அமர்த்துவது தகாது. கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் அமர்த்த வேண்டும் என்று எழுதினார். நோயாளி தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறினார். மருத்துவர் தரையளவுக்குக் குனிய வேண்டிய தேவை போயிற்று. குனிந்த முதுகு ஒரு படி நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு நாற்காலியின் வளர்ச்சியே பல் மருத்துவரின் முதுகுடைய வரலாறாக அமைந்தது எனலாம். 1790ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோசையா ஃபிளாக், ஒரு மர நாற்காலியில் தலையைச் சாய்க்க ஏற்றி இறக்கக்கூடிய தாங்கியையும், கருவிகளை வைக்க ஒரு நீண்ட கையையும் பொருத்தினார். 1832இல் லண்டனில் ஜேம்ஸ் ஸ்னெல் என்பவர் பின்புறம் சாய்க்கக்கூடிய நாற்காலியைச் செய்தார். 1877இல் காலால் மிதித்து நீர்ம அழுத்தத்தால் உயர்த்தும் வில்கர்சன் நாற்காலி அமெரிக்காவில் வந்தது. நோயாளி குட்டையானவராயினும் நெட்டையானவராயினும், அவருடைய வாயை மருத்துவரின் கைக்கு எட்டும் உயரத்திற்குக் கொண்டுவர முடிந்தது.

நாற்காலி இவ்வாறு வளர்ந்தபோதும், மருத்துவர் மட்டும் நின்றபடியேதான் இருந்தார். சொல்லப்போனால், 19ஆம் நூற்றாண்டின் ஒரு கண்டுபிடிப்பு அவருடைய நிலையை முன்னைவிட மோசமாக்கியது. அது பல்லைத் துளைக்கும் கால்மிதி இயந்திரம்.

ஜான் கிரீன்வுட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1790ஆம் ஆண்டிலேயே தம் தாயாரின் நூற்கும் சக்கரத்தைப் பல் துளைக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார். 1871இல் ஜேம்ஸ் மாரிசன் என்பவர் தையல் இயந்திரத்தைப் போலவே காலால் மிதித்து ஓட்டும் துளைகருவிக்கு உரிமம் பெற்றார். நம் வீடுகளில் மிதி வைத்த தையல் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே விளங்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தையற்காரர் உட்கார்ந்துகொண்டு இரண்டு காலாலும் மிதிக்கின்றார். பல் மருத்துவரோ ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்றக் காலால் இடைவிடாமல் மிதித்துக்கொண்டு, இடது கையால் நோயாளியின் தலையை அணைத்துப் பிடித்து, வலது கையில் துளைகருவியை மயிரிழை பிசகாமல் நிறுத்தி, வாய்க்குள் எட்டிப் பார்க்கக் கழுத்தையும் முதுகையும் முறுக்கிக்கொண்டு நின்றார். ஒரு நாள் அன்று, இரண்டு நாள் அன்று. 30, 40 ஆண்டுகள் இவ்வாறு நின்றார்.

அந்த நிலையையே மாணவர்களும் கற்றார்கள். உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் தொடங்கியது. அதன் பின் பல நாடுகளில் கல்லூரிகள் எழுந்தன. சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1929ஆம் ஆண்டில் பல் மருத்துவத் துறை தொடங்கப்பட்டது. மலாயாவின் முதல் தலைமுறைப் பல் மருத்துவர்கள் பலர் அங்கே பயின்றவர்களே. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலம் 1972இல் அமைந்தது.

இங்கே நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான பள்ளிப் பல் தாதியரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் தனியே பெண்களைப் பயிற்றும் திட்டத்தை நியூசிலாந்து நாடு 1921ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்நாட்டுப் பள்ளிகளில் கால்மிதித் துளைகருவி நெடுங்காலம் புழங்கி வந்தது. அத்திட்டத்தைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளிக்குப் பல் தாதி வருகின்றார் என்றால் பிள்ளைகள் மேசைக்கடியில் ஒளிந்துகொள்வார்கள். சிறு பிள்ளையின் சிறிய வாய்க்குள், அதுவும் அழுது புரளும் பிள்ளையின் வாய்க்குள், குனிந்து பார்த்து வேலை செய்த அந்தப் பெண்ணின் கழுத்து எவ்வளவு வலித்திருக்கும் என்று அப்போது யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நின்றுகொண்டிருந்த மருத்துவர் எப்போது உட்கார்ந்தார்? இதுதான் இவ்வரலாற்றின் திருப்புமுனை. நில், நிமிர்ந்து நில் என்று யாரோ அறிவுரை சொன்னதால் அது நடக்கவில்லை. ஒரு கருவி மாறியது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் மாறின.

1957ஆம் ஆண்டில் ஜான் போர்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், காற்றின் விசையால் சுழலும் துளைகருவியைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். மாரிசனின் கால்மிதிக் கருவி நிமிடத்திற்கு ஏறக்குறைய 2,000 சுற்றுச் சுற்றியது. புதிய கருவியோ நிமிடத்திற்கு 300,000 சுற்று வரை சுற்றியது. அவ்வளவு வேகமாகச் சுற்றினால் பல் சூடேறிவிடும். உள்ளிருக்கும் நரம்பு கெட்டுவிடும். ஆகவே துளைக்கும் இடத்தில் ஓயாமல் நீரைத் தெளிக்க வேண்டியதாயிற்று. நீர் தெளித்தால் வாய் நிறைந்துவிடும். முன்பெல்லாம் நோயாளி அடிக்கடி எழுந்து பக்கத்திலிருந்த துப்பற்கிண்ணத்தில் துப்புவார். இவ்வளவு நீரை அப்படித் துப்பி முடிக்க இயலாது. ஆகவே நீரை உறிஞ்சி இழுக்கும் குழாய் வேண்டியதாயிற்று. அக்குழாயைப் பிடிக்க ஒரு துணையாள் வேண்டியதாயிற்று.

நோயாளி எழுந்து துப்ப வேண்டியதில்லை என்றால், அவர் உட்கார்ந்தே இருக்க வேண்டியதும் இல்லை அல்லவா? படுத்துக்கொள்ளலாம். 1958ஆம் ஆண்டில் முழுதும் சாய்ந்து படுக்கையாக மாறும் நாற்காலி அமெரிக்காவில் வந்தது. நோயாளி படுத்தவுடன், மருத்துவர் அவர் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார முடிந்தது. மருத்துவர் ஒருபுறமும் துணையாள் மறுபுறமும் அமர்ந்து, நான்கு கைகள் ஒரு வாய்க்கு வேலை செய்யும் முறை 1960ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பரவியது. நூற்றாண்டுக் கணக்கில் நின்றவர்கள் சில ஆண்டுகளுக்குள் உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நமக்கும் இக்கதைக்கும் ஓர் உறவு இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும். படுத்திருக்கும் நோயாளியின் தொண்டைக்குள் நீரும் துகளும் போகாமல் தடுக்க, பல்லைச் சுற்றி மெல்லிய இரப்பர் விரிப்பு ஒன்றை மாட்டுவது உண்டு. 1864இல் நியூயார்க் நகரத்துப் பல் மருத்துவர் சான்ஃபோர்டு பார்னம் கண்ட முறை அது. 1980களுக்குப் பிறகு பல் மருத்துவர் அனைவரும் கையுறை அணிவதும் வழக்கமாயிற்று. அந்த விரிப்பும் அந்தக் கையுறையும் பெரும்பாலும் இரப்பர்ப் பாலில் செய்யப்பட்டவை. யாரோ ஒருவர் குனிந்து வெட்டிய பால், மற்றொருவர் நிமிர்ந்து உட்காரத் துணை செய்தது.

பல் மருத்துவர் உட்கார்ந்தது சரி. எப்படி உட்கார்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் புதிய வழியில் விடை தேடியவர் டாரில் பீச். இவர் அமெரிக்கர், ஜப்பானில் தங்கிப் பணியாற்றியவர். அதுவரை எல்லோரும் முதலில் நாற்காலியைச் செய்தார்கள். கருவிகளை அதில் மாட்டினார்கள். கடைசியில் மருத்துவர் தம் உடம்பை அவற்றுக்கேற்ப வளைத்துக்கொண்டார். பீச் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினார். முதலில் ஒரு மனிதர் இயல்பாக, தளர்வாக, நிமிர்ந்து உட்காரட்டும். அவருடைய கைகள் தாமாக எங்கே வந்து நிற்கின்றனவோ அங்கே நோயாளியின் வாய் வரட்டும். கைக்கு எட்டும் இடத்திற்குக் கருவி வரட்டும் என்றார். இந்தக் கருத்தைக் கொண்டு ஜப்பானின் மொரிட்டா நிறுவனம் 1964ஆம் ஆண்டில் ஸ்பேஸ்லைன் என்ற புதிய பல் மருத்துவப் படுக்கையை உருவாக்கியது.

வேலைக்கேற்ப உடம்பை வளைப்பதன்று, உடம்புக்கேற்ப வேலையை அமைப்பது என்ற இக்கொள்கைக்கு ஒரு தனி அறிவுத்துறையே இருக்கின்றது. ஆங்கிலத்தில் அதை எர்கோனாமிக்ஸ் என்பார்கள். உழைப்பு, ஒழுங்கு என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. போலந்து நாட்டு அறிஞர் ஒருவர் 1857இல் அச்சொல்லைப் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டில் அத்துறைக்கென ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. தமிழில் நாம் அதைப் பணிச்சூழல் இயல் என்று சொல்லலாம்.

படுக்கை வந்தது, முக்காலி வந்தது, துணையாளும் வந்தார். ஆகவே வலி ஒழிந்துவிட்டது என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஒழியவில்லை! நின்றவர்களுக்கு வந்த கால் நோவு குறைந்தது. ஆனால் உட்கார்ந்தவர்களின் கழுத்தும் தோளும் வலிக்கத் தொடங்கின. ஏன் இப்படி?

இதை விளங்கிக்கொள்ள நாம் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பால் மங்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். வெறும் மங்குதான், கனமே இல்லை. கையை நேராக முன்னால் நீட்டி அசையாமல் பிடித்துக்கொண்டிருப்போம். சிறிது நேரத்தில் தோள் கடுக்கும், கை நடுங்கும். அதே மங்கைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டி அசைத்து நடந்தால் ஒரு மணி நேரமானாலும் வலிப்பதில்லை. காரணம் என்ன? தசை சுருங்கி விரியும்போது அதற்குள் இரத்தம் ஓடும். சுருங்கியபடியே நின்றுவிட்டால் இரத்தக் குழாய்கள் நெரிபட்டு, ஓட்டம் குறைந்து, தசை களைத்துவிடும். மனிதனுடைய தலை ஏறக்குறைய 5 கிலோ எடை உள்ளது. அது கழுத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை எலும்பு அதைத் தாங்கும். முன்னால் குனிந்துவிட்டாலோ பிடரித் தசைகள்தான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். பல் மருத்துவர் தூக்கும் பாரம் கருவியன்று. தம் சொந்தத் தலை!

இனி மாணவர்களிடம் வருவோம். பல் மருத்துவ மாணவர் நேராக மனிதரின் வாயில் கை வைப்பதில்லை. முதலில் பொம்மைத் தலையில் பழகுவார். உலோகத் தண்டில் தாடையைப் பொருத்திப் பழகும் முறையை 1894ஆம் ஆண்டில் ஆஸ்வால்டு ஃபெர்கஸ் என்பவர் அறிமுகம் செய்தார். இன்றைய பொம்மைத் தலைக்கு அதுவே மூலம். அந்தப் பொம்மைத் தலை வாய் வலிக்கின்றது என்று சொல்லாது. எத்தனை மணி நேரமானாலும் அசையாது. மாணவர் செய்யும் குழி மயிரிழை பிசகினாலும் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். ஆகவே அவர் தம் முழுக் கவனத்தையும் அந்தப் பல்லின்மேல் வைக்கின்றார். கண் பல்லை நோக்கிப் போகின்றது. கண்ணோடு தலை போகின்றது. தலையோடு முதுகு போகின்றது. வேலை முடிந்து நிமிரும்போதுதான் தாம் குனிந்திருந்ததே அவருக்குத் தெரிகின்றது.

மேல் தாடையின் கடைவாய்ப் பல்லை நேராகப் பார்க்க முயன்றால், தலையைக் கீழே சாய்த்து வாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் சிறிய கண்ணாடி ஒன்று தரப்படுகின்றது. அதைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்தால், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து வேலை செய்யலாம். ஆனால் கண்ணாடியில் முன்னது பின்னதாகத் தெரியும். கருவியை ஒரு பக்கம் நகர்த்தினால் பிம்பத்தில் அது மறுபக்கம் போவதுபோல் தோன்றும். புதிதாகப் பழகும் மாணவருக்கு இது பெரும் எரிச்சல். கண்ணாடியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கழுத்தைச் சாய்ப்பது அவருக்கு எளிதாக இருக்கின்றது. அன்றைக்கு எளிது, பின்னால் அதுவே வலி.

இடதுகைப் பழக்கமுள்ள மாணவருக்கு இன்னொரு தொல்லை உண்டு. பெரும்பாலான படுக்கைகளும் கருவித் தட்டுகளும் வலதுகைக்காரருக்காகவே அமைக்கப்பட்டவை. அதை மாற்றி அமைக்க வழியில்லாத இடத்தில் அவர் குறுக்கே கை நீட்டி, உடம்பை முறுக்கியே வேலை செய்ய நேரிடும். உயரம் குறைந்தவருக்கு முக்காலியைத் தாழ்த்தத் தெரியாவிட்டால், கால் தரையில் பாவாமல் தொங்கும். பல கல்லூரிகளில் துணையாள் இல்லாமல் மாணவர் தனியாகவே எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருப்பதும் உண்டு. நான்கு கை செய்ய வேண்டியதை இரண்டு கை செய்தால், அந்தச் சுமை முதுகில்தான் ஏறும்.

மாணவர் எப்படி அமர்கின்றார் என்பதை அளக்கவும் ஒரு முறை வகுத்துள்ளார்கள். 1993ஆம் ஆண்டில் லின் மெக்காட்டம்னி, நைஜல் கார்லெட் என்ற இரண்டு அறிஞர்கள் இங்கிலாந்தில் இதை வெளியிட்டார்கள். ரூலா என்பது அதன் சுருக்கப் பெயர். மேற்கை, முன்கை, மணிக்கட்டு, கழுத்து, உடற்பகுதி, கால் ஆகியவை எவ்வளவு வளைந்துள்ளன என்று பார்த்து 1 முதல் 7 வரை புள்ளி கொடுப்பார்கள். 1 அல்லது 2 என்றால் அந்த நிலை ஏற்கத்தக்கது. 7 என்றால் உடனே மாற்ற வேண்டும் என்று பொருள். பள்ளித் தேர்வில் புள்ளி கூடினால் நல்லது. இங்கே குறைந்தால்தான் நல்லது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயின்ற 60 மாணவர்களை இம்முறையில் அளந்து, 2007ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் வழக்கமான முக்காலியில் அமர்ந்தார்கள். மற்றொரு பிரிவினர் குதிரைச் சேணத்தைப் போன்ற வடிவமுள்ள இருக்கையில் அமர்ந்தார்கள். சேண இருக்கையில் அமர்ந்தவர்களின் புள்ளி குறைவாக இருந்தது. அதாவது அவர்களுடைய உடல்நிலை மேலாக இருந்தது. குதிரைமேல் அமர்பவரைப் பாருங்கள். தொடைகள் கீழ்நோக்கிச் சரிந்து விரிந்திருக்கும். இடுப்பு தானாகவே நேராக நிற்கும். அவர் கூனிக் குறுகி உட்கார நினைத்தாலும் எளிதில் இயலாது. கூனாதே என்று நூறுமுறை சொல்வதைவிட, கூன விடாத இருக்கை ஒன்றைத் தருவது மேல் என்பது இதனால் விளங்குகின்றது.

ஆயினும் இருக்கை மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். ஆகவே இன்று மாணவர்களுக்குச் சில விதிகளைத் தொடக்கத்திலேயே சொல்லித்தருகின்றார்கள். முதலில் தாம் சரியாக அமர வேண்டும். பிறகே நோயாளியைச் சரிப்படுத்த வேண்டும். இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பாவ வேண்டும். தொடை சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். தோள் தூக்கியிராமல் தளர்ந்து, முழங்கை விலாவை ஒட்டியிருக்க வேண்டும். நோயாளியின் வாய் மருத்துவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். நோயாளியின் தலையை வேண்டிய பக்கம் திருப்பச் சொல்லக் கூச்சப்படக் கூடாது. அவர் ஒரு கணம் தலையைத் திருப்பினால் மருத்துவர் ஒரு மணி நேரம் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. நோயாளியின் தலையைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, வலதுகைக்காரர் 8 மணிக்கும் 12 மணிக்கும் இடைப்பட்ட நிலைகளில் பல்லுக்கேற்ப இடம் மாறி அமர வேண்டும். ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. இடையிடையே எழுந்து கை கால்களை நீட்டி மடக்க வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி அணிவோர் அதைத் தம் கண்ணுக்கும் உயரத்துக்கும் பொருந்துமாறு அளந்து செய்துகொள்ள வேண்டும். பொருந்தாத கண்ணாடி கழுத்தை இன்னும் குனிய வைத்துவிடும்.

இவற்றை ஏன் மாணவப் பருவத்திலேயே சொல்லித்தர வேண்டும்? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் பழமொழி. தவறாக வளைந்ததும் ஐம்பதில் நிமிராது என்று நாம் சேர்த்துச் சொல்லலாம். கை ஒரு வேலையைக் கற்கும்போதே உடம்பும் ஒரு நிலையைக் கற்றுக்கொள்கின்றது. இரண்டையும் பிரித்துப் பிறகு கற்க முடியாது. பல ஆண்டுகள் படித்து, பெற்றோரின் பணத்தைச் செலவழித்து, அருமையான தொழிலைக் கற்ற ஒருவர், நாற்பது வயதில் கழுத்துவலியால் அத்தொழிலையே சுருக்கிக்கொள்ள நேர்ந்தால், அது அவருக்கு மட்டுமா இழப்பு? அவரை நம்பியிருக்கும் நோயாளிகளுக்கும் இழப்பே. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

நேயர்களே! பல் மருத்துவரின் முதுகைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். நெடுங்காலமாக அத்தொழிலில் இருந்தவர்கள் வலியைத் தொழிலோடு பிறந்ததென்றே எண்ணிப் பொறுத்துக்கொண்டார்கள். அது தலைவிதியன்று. தரையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து படுக்கைக்கும், நிற்பதிலிருந்து உட்கார்வதற்கும் மாறியபோது வலியின் வடிவமும் மாறியது. மாற்ற முடிந்தது விதியாக இருக்க முடியாது.

நம் தொழிலுக்கும் இது பொருந்தும். காண்டாவில் தோள் சுமந்த பாலை மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் சுமக்கத் தொடங்கியபோது எத்தனை தோள்கள் ஆறின என்பதை நம் தாய்மாரும் தந்தைமாரும் அறிவார்கள். மொட்டை உளியால் வெட்டினால் கைக்கு இரட்டை வேலை. தீட்டிய உளி மணிக்கட்டைக் காக்கும். தாழ்வெட்டு மரத்தில் இடுப்பை மட்டும் வளைக்காமல் முழங்காலையும் மடித்து வெட்டினால் முதுகுக்கு நல்லது. செம்பனைக் குலையைத் தூக்கும்போது உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும். இடையிடையே நிமிர்ந்து, தோளைச் சுழற்றிக்கொள்ள ஒரு நிமிடம் எடுப்பது சோம்பலன்று. வலி நாட்கணக்கில் நீடித்தால் தைலம் தடவிக்கொண்டு மறைத்து வைக்காமல் மருத்துவரிடம் காட்டி, நாம் செய்யும் வேலையையும் அவரிடம் சொல்ல வேண்டும். ராமஸ்ஸினி கேட்கச் சொன்ன கேள்விக்கு, அவர் கேட்குமுன்பே நாம் விடை சொல்லிவிடலாம்.

உடம்புக்கேற்ற வேலைச் சூழலைக் கேட்பது சலுகை கேட்பதன்று. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளரின் உடல் தேவைக்கும் மனத் தேவைக்கும் ஏற்ற வேலைச் சூழலை வளர்ப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே கூறுகின்றது. பணிச்சூழலால் உடலுக்கு வரும் கேட்டை மதிப்பிடும் வழிகாட்டி நூலையும் அந்நாட்டு அரசு 2017இல் வெளியிட்டது. சிங்கப்பூரிலும் 2006ஆம் ஆண்டு முதல் வேலையிடப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் உண்டு. சட்டம் ஏட்டில் இருப்பது போதாது. அது இருப்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். நம் சங்கங்களில் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் பிள்ளைகள் எந்தத் தொழிலுக்குப் போனாலும் சரி, பல் மருத்துவராகட்டும், தட்டச்சராகட்டும், தையற்காரராகட்டும், அத்தொழிலைக் கற்கும் முதல் நாளிலேயே எப்படி நிற்பது, எப்படி அமர்வது என்பதையும் சேர்த்துக் கற்கட்டும். இன்று இரவு அவர்கள் பாடம் எழுத உட்காரும்போது முதுகைச் சற்றுக் கவனிப்போம். புத்தகத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தால், நிமிர்ந்து உட்கார் என்று சொல்வதோடு நின்றுவிடாமல், மேசை எட்டுகின்றதா, விளக்கு வெளிச்சம் விழுகின்றதா, கால் தரையில் படுகின்றதா என்று பார்ப்போம். இருக்கையைச் சரிசெய்தால் முதுகு தானே நிமிரும் என்பதைத்தான் இந்த 300 ஆண்டு வரலாறு நமக்குச் சொல்கின்றது.